பிள்ளை அங்கே எந்த இடத்தில் வளரும்? வெளிநாடு போகும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொன்சர் (வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர் கூப்பிடும் அனுசரணை) கிடைத்து நாள் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர், பேரப்பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படும் அம்மம்மாக்கள், ஏ.எல் முடித்த கையோடு பறக்க நிற்கும் பெடியன்கள். யாழ்ப்பாணத்தில் இவர்கள் மூன்று தரப்பும் கேட்பதைச் சுற்றி வளைத்துப் பார்த்தால் ஒரே கேள்விதான்: போற இடத்தில் பிள்ளை எப்படி வரும்? நான் விசா ஏஜென்ட் இல்லை, படிப்பிக்கிற ஆள். என் வகுப்பிலிருந்து வருடா வருடம் ஓரிரு பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போகிறார்கள். இடைக்கிடை இந்தியாவிலிருந்து ஒரு பிள்ளை வந்து சேருகிறது. அதனால் இந்தக் கேள்விகள் என் வாசலுக்கும் வருகின்றன.

எந்த நாடு பிள்ளைக்கு நல்லது? கனடாவா, லண்டனா, பிரான்சா?

நாட்டின் பெயரைச் சொல்லி இதற்குப் பதில் சொல்ல முடியாது. பிள்ளையின் உலகம் ஒரு கட்டடம், ஒரு பள்ளிக்கூடம், பஸ் தரிப்பிடத்திலிருந்து வீடு வரைக்கும் உள்ள நடை, அந்த நடையில் கூட வருகிற நாலு பெடியன்கள். அவ்வளவுதான். ரொறன்ரோவில் இருக்கிறோம் என்று நாங்கள் பொதுவாகச் சொல்வோம். ஸ்காபரோவில் மல்வேர்ன் பக்கத்து மாடிக் கட்டடம் ஒன்றில் வளர்வதும், மார்க்கத்தில் தனிவீட்டில் வளர்வதும் ஒரே கனடா ஆகாது.

இங்கே வட்டுக்கோட்டைப் பிள்ளை ஒன்று பஸ் ஏறி யாழ்ப்பாணம் நகரப் பள்ளிக்கூடத்துக்கு வரலாம். ஒன்ராறியோவிலும் பிரான்சிலும் அரச பள்ளிக்கூடம் பெரும்பாலும் வீட்டு விலாசத்தை வைத்தே கிடைக்கும். இங்கிலாந்தில் பள்ளியில் இடம் போதாவிட்டால், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்கிற பள்ளிக்கூடங்கள் ஏராளம். லண்டனில் எங்கட ஆட்கள் சட்டன், கிங்ஸ்டன் பக்கம் வீடு தேடுவதற்கு, 11 வயதில் சோதனை வைத்துப் பிள்ளை எடுக்கும் அரச பள்ளிக்கூடங்கள் அங்கே இருப்பதும் ஒரு காரணம். ஆக, நீங்கள் எடுக்கிற வாடகை வீட்டோடு பள்ளிக்கூடமும் சேர்ந்தே வருகிறது.

ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பியின் பிள்ளைகள் ஏன் இப்படி ஆளுக்கொரு மாதிரி வளருகிறார்கள்?

எங்கே இறக்கிவிடப்பட்டார்கள் என்பதைப் பாருங்கள். சுவிஸில் அகதிக் கோரிக்கை வைத்தவர்களை மாநிலங்களின் சனத்தொகைக்கு ஏற்ப அரசாங்கமே பிரித்து அனுப்பியது. அண்ணன் லுட்சேர்னுக்குப் போனால் பிள்ளைகளுக்கு ஜேர்மன் மொழி, தம்பி லவுசானுக்குப் போனால் பிரெஞ்சு. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஊரில் ஒரு கலியாண வீட்டில் சந்தித்தால், பெரியப்பா மகளும் சித்தப்பா மகனும் கதைப்பதற்குத் தமிழைத்தான் தேடி எடுக்க வேண்டும்.

நோர்வேயிலும் இதே கதை. எங்கட ஆட்கள் பலர் முதலில் வேலைக்கு நின்றது வடக்குக் கரையோர மீன் தொழிற்சாலைகளில். அங்கே பிள்ளைகள் வகுப்பில் ஒரேயொரு தமிழ்ப் பிள்ளையாக, பனிக்குள் நடந்து போய்ப் படித்தார்கள். பிறகு பல குடும்பங்கள் ஒஸ்லோவுக்கு இறங்கின. ஒஸ்லோவின் குரூருட்டாலன் பள்ளத்தாக்கில் பல நாட்டுச் சனங்கள் கலந்திருக்கும் தொழிலாளர் குடியிருப்புகள். கம்ஷாஜினி குணரட்ணம் வந்த வழி அதுதான். 1988 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் போய், வடக்கே ஹம்மர்ஃபெஸ்டில் கொஞ்சக் காலம் இருந்து, பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். 2015 இல் ஒஸ்லோவின் துணை மேயர், 2021 இல் பாராளுமன்ற உறுப்பினர். 'கெட்டிக்காரப் பிள்ளை' என்று சொல்லிவிட்டு நாங்கள் நிறுத்திவிடுவோம். அந்தப் பிள்ளைக்குக் கைக்கு எட்டிய தூரத்தில் தொழிற்கட்சியின் இளைஞர் அமைப்பு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கட சனம் நிறைய இருக்கிற இடமா நல்லது, இல்லாத இடமா?

அதிகம் வாக்குவாதப்படுவது இதில்தான். ஒரு பகுதி, "தமிழாக்கள் இருக்கிற பக்கமே போகாதே, பிள்ளை மொழி படிக்காது" என்னும். மற்றப் பகுதி, "சொந்தம் இல்லாத இடத்தில் போய் என்ன செய்வாய்?" என்னும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

சுவீடன் 1985 முதல் 1994 வரை அகதிகளை நாடு முழுவதும் பிரித்துக் குடியேற்றியது. குடும்பம் இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, அரசாங்கமே அனுப்பியது. ஆராய்ச்சிக்காரருக்கு இது பெரிய வசதி. வழமையாக, படித்த பெற்றோர் நல்ல இடம் தேடிப் போவார்கள்; பிள்ளை நன்றாக வந்தால் அது இடத்தாலா பெற்றோராலா என்று பிரிக்க முடியாது. இங்கே பிரிக்கலாம். ஓலோஃப் ஓஸ்லுண்டும் கூட்டாளிகளும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு, அக்கம்பக்கத்தில் அதே நாட்டிலிருந்து வந்த படித்த பெரியவர்கள் கூடுதலாக இருந்தால் பிள்ளைகளின் பள்ளிப் புள்ளிகள் ஏறின என்று காட்டியது. ஏற்றம் பெரிதல்ல, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. எங்கட சனம் எத்தனை பேர் என்பதைவிட, அந்தச் சனம் யார் என்பதுதான் கணக்கு.

அமெரிக்காவில் இன்னொரு உதாரணம். வியட்நாம் போர் முடிந்து 1975 இல் வந்த அகதிகளில் ஒரு பகுதியினர் நியூ ஒர்லியன்ஸ் நகரின் கிழக்கே வேர்சேல்ஸ் என்ற இடத்தில் குடியேறினார்கள். ஏழைப்பட்ட இடம், பள்ளிக்கூடங்களும் திறமில்லை. மின் ஜோ, கார்ல் பாங்க்ஸ்டன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1990களில் அங்கே போய்ப் பார்த்தார்கள். கோயில், மொழி வகுப்பு, அயலவர் கண் என்று சமூகத்தோடு ஒட்டியிருந்த பிள்ளைகள் படிப்பில் மேலே வந்தார்கள். அதிலிருந்து விலகிய பிள்ளைகள் தெருவோடு போகும் ஆபத்து கூடவாக இருந்தது. அவர்கள் கத்தோலிக்கர், தேவாலயம்தான் மையம். கத்தோலிக்கர் நெருங்கி வாழும் எங்கட குருநகரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி மறுபக்கம். எங்கட சனம் நெருக்கமாக இருக்கும் இடத்தில் போட்டியும் நெருக்கம். யாருடைய பிள்ளை எந்தப் பல்கலைக்கழகம், யாருடைய அரங்கேற்றத்துக்கு எந்த மண்டபம் என்று தொடங்கிவிடும். படிப்பு ஓடாத பிள்ளைக்கு அந்த இடத்தில் மூச்சு முட்டும். சொந்தக்காரர் வீட்டு பேஸ்மென்டில் குடியிருக்கும் குடும்பத்தின் பிள்ளை, மேல்மாடிப் பிள்ளையோடு தினமும் அளக்கப்படும். இது எந்த ஆய்விலும் வராது, ஆனால் ரொறன்ரோவிலிருந்து வரும் தொலைபேசியில் வரும்.

அந்த நாளில் ரொறன்ரோவில் எங்கட பெடியன்கள் குழு குழுவாக வெட்டுப்பட்டது எதனால்? சண்டையைப் பார்த்து வளர்ந்ததாலா?

1990களில் ஸ்காபரோவில் தமிழ் இளைஞர் குழுக்கள் மோதியதும், 2001 இல் பொலிஸார் பெருமளவில் கைது செய்ததும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "இவங்கள் போர் பார்த்த பெடியன்கள்" என்று அப்போதே விளக்கம் வந்துவிட்டது. போர் பார்த்த பெடியன்கள் டென்மார்க்கிலும் சுவிஸிலும்கூட இருந்தார்கள். அங்கே ஸ்காபரோ அளவுக்கு நடக்கவில்லை. அதனால் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

டென்மார்க்கைப் பாருங்கள். 1986 முதல் 1998 வரை அந்த நாடும் அகதிகளைப் பிரித்துக் குடியேற்றியது. அதில் இலங்கைத் தமிழரும் அடக்கம். ஹேர்னிங், பிராண்டே மாதிரிச் சிறு ஊர்களில் கோயில் கட்டும் அளவுக்கு எங்கட ஆட்கள் சேர்ந்தது அந்தக் காலத்துக் கதைதான். அப்படிக் குடியேற்றப்பட்ட பிள்ளைகளை அன்னா டாம், கிறிஸ்டியன் டஸ்ட்மான் என்ற இருவர் பின்தொடர்ந்து 2014 இல் முடிவை வெளியிட்டார்கள். வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற இளைஞர்கள் அதிகம் வசித்த இடத்தில் விடப்பட்ட ஆண்பிள்ளைகள், பிறகு தாங்களும் குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. 10 முதல் 14 வயது வரை அங்கே இருந்தவர்களிடம் அது பலமாகத் தெரிந்தது. கவனிக்க வேண்டியது, அந்த ஊரில் எத்தனை களவு, எத்தனை அடிபிடி நடந்தது என்ற எண்ணிக்கைக்கு இந்தப் பலன் இல்லை. அங்கே வசிக்கும் பெரிய பெடியன்கள் யார் என்பதே பலன் காட்டியது. பழக்கம் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது.

இதை வைத்து ஸ்காபரோவைப் பார்த்தால் விளங்கும். தகப்பனுக்கு இரண்டு வேலை, தாய் தொழிற்சாலையில் இரவு வேலை. பள்ளிக்கூடம் விட்டு வரும் 13 வயதுப் பெடியனுக்குக் கட்டடத்தின் கீழே யார் நிற்கிறார்கள்? அவனை வேறு பிள்ளைகள் அடிக்க வந்தால் யார் காப்பாற்றுகிறார்கள்? முதலில் பாதுகாப்புக்காகச் சேர்ந்து, பிறகு அதிலிருந்து வெளியே வர முடியாமல் போன பெடியன்கள் பலர். பெற்றோர் நல்லவர்களாக இருந்தும் நடந்தது.

பெண் பிள்ளைகளுக்கும் இதே மாதிரியா?

டென்மார்க் ஆய்வில் பெண் பிள்ளைகளிடம் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. ஆய்வு சொன்ன காரணம் இல்லை, நான் நினைப்பது: எங்கட வீடுகள் பல பெண் பிள்ளையைத் தெருவுக்கு விடுவதே இல்லை. தெருவின் கெடுதலும் எட்டாது, நூலகம், விளையாட்டுக் கழகம், நீச்சல் தடாகம் என்று தெருவின் நன்மையும் எட்டாது. பெண் பிள்ளைக்குச் சுற்றாடல் என்பது பல நேரம் சொந்தக்காரரின் கண்தான். "உன்ர மகளை பஸ் ஹோல்ட்டில் கண்டனான்" என்று ஒரு மாமி போன் எடுத்தால் அன்றைக்கு வீட்டில் பூகம்பம். இதையும் காவல் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

எந்த வயதில் கூட்டிக்கொண்டு போனால் நல்லது?

முடிந்தால் சின்ன வயதில். இது ஊகமில்லை. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், ஏழை அரச குடியிருப்புகளில் இருந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. சீட்டு விழுந்தவர்களுக்கு வறுமை குறைந்த இடத்துக்கு மாற உதவி கிடைத்தது. பொருளியலாளர் ராஜ் செட்டியும் கூட்டாளிகளும் 2016 இல் திரும்பப் பார்த்தபோது, 13 வயதுக்கு முன் அப்படி இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் கூடுதலாக உழைத்தார்கள். அதற்குப் பிறகு மாறியவர்களுக்கு நன்மை இல்லை, கொஞ்சம் பாதகம் என்றுகூடச் சொல்லலாம். அவர்கள் குடியேறிகள் அல்ல, அந்த நாட்டு ஏழைகள்; ஆனாலும் வயதைப் பற்றிச் சொல்லும் செய்தி எங்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இதோடு பள்ளிக்கூட முறையையும் சேர்த்துப் பாருங்கள். ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு பிள்ளையை எந்த வகைப் பள்ளிக்கு அனுப்புவது என்று பிரித்துவிடுவார்கள். சுவிஸில் பெரும்பாலும் ஆறாம் வகுப்போடு. ஒன்பது வயதில் போகிற பிள்ளை ஜேர்மன் மொழியில் வாய் திறக்க முதலே தரம் பிரிக்கப்பட்டுவிடும். பிறகு மேலே ஏறி வர வழி உண்டு, ஆனால் அந்த வழியை யாராவது சொல்லித்தர வேண்டும். முன்பே சொன்ன படித்த அயலவர் தேவைப்படுவது இங்கேதான்.

ஓ.எல் எழுதிவிட்டு 16, 17 வயதில் ரொறன்ரோவுக்குப் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழுக்கு 30 க்ரெடிட் (பாட அலகு) வேண்டும். இங்கே படித்ததில் எத்தனையைக் கணக்கில் எடுப்பது என்று அங்குள்ள பள்ளிக்கூடம் பார்த்துச் சொல்லும். ஆகவே பள்ளி அறிக்கைகள், ஓ.எல் பெறுபேறு எல்லாவற்றையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு கையில் கொண்டுபோங்கள். சூட்கேஸில் மிளகாய்த்தூளுக்கு இடம் பார்க்கிறவர்கள் இந்தக் கோப்பை மறந்துவிடுகிறார்கள்.

வாடகை குறைந்த இடத்தில் இருந்து காசு சேர்த்துப் பிறகு நல்ல இடத்துக்கு மாறலாமா?

மாறலாம், பலர் அப்படித்தான் செய்தார்கள். ரொறன்ரோவில் முதல் தலைமுறை நகர நடுவில் சென் ஜேம்ஸ் டவுன் மாடிக் கட்டடங்களில் தொடங்கி ஸ்காபரோவுக்கும், அங்கிருந்து மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ப்டனுக்கும் நகர்ந்தது. நான் சொல்வது ஒன்றுதான்: வங்கிக் கடனைப் பார்த்து மட்டும் நாள் குறிக்காமல் பிள்ளையின் வகுப்பையும் பாருங்கள். பத்தாம் வகுப்பில் நிற்கும் பிள்ளையைச் சிநேகிதரிடமிருந்து பிரித்து 'நல்ல' இடத்துக்குக் கொண்டுபோவதில் வீடு மட்டும் திறமாகலாம். அடிக்கடி வீடு மாறுவதும் பிள்ளைக்குச் சேதம்தான்.

பிள்ளைதான் தாய் தகப்பனுக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்க்கிறது. அது கெட்டித்தனம்தானே?

கெட்டித்தனம்தான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 12 வயதுப் பெடியன் வீட்டுக்காரர் அனுப்பிய கடிதத்தை வாசித்துத் தகப்பனுக்குச் சொல்கிறான்: "வாடகை பிந்திப் போச்சாம் அப்பா." வைத்தியரிடம் தாயின் வருத்தத்தை அவனே சொல்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து அவனைப் பற்றியே முறைப்பாடு வந்தால் அதையும் அவன்தான் மொழிபெயர்க்கிறான். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் அவன் கையில். ஓரிரு வருடத்தில் வீட்டில் யார் பெரியவர் என்பது புரண்டுவிடும்.

சமூகவியலாளர் அலெஹாந்த்ரோ போர்டெஸும் முன்பு சொன்ன மின் ஜோவும் 1993 இல் எழுதியதில் இதற்கு விளக்கம் கிடைக்கும். குடியேறிகளின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஏணியில் ஏறுவதில்லை. எந்த இடத்துச் சமூகத்தோடு கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம் என்றார்கள். பிள்ளை வேகமாகப் புது ஊருக்குள் போய், பெற்றோர் பின்னுக்கு நின்றுவிட்டால் பிடி விட்டுப்போகும் என்று போர்டெஸ் பிறகு விரித்துச் சொன்னார். பெற்றோர் மொழி வகுப்புக்குப் போவது பிள்ளைக்கான செலவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஓவர்டைம் ஒன்றை விட்டாலும் பரவாயில்லை.

தமிழ்ப் பள்ளிக்கூடம், கோயில், நடன வகுப்பு உதவுமா?

உதவும். அங்கே பிள்ளைக்குக் கிடைப்பது தமிழ் எழுத்து மட்டுமில்லை. தன்னைவிட ஐந்து வயது கூடிய, பல்கலைக்கழகம் போகிற ஒரு அண்ணாவையோ அக்காவையோ கிட்டத்தில் பார்க்கிறது. நான் கணக்கில் எடுப்பது அதைத்தான். சனிக்கிழமை காலையில் நித்திரைத் தூக்கத்தோடு இழுத்துக்கொண்டுபோய் ஆத்திசூடி பாடமாக்கவிடுவதால் மட்டும் ஒன்றும் நடக்காது. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வருடத்தில் ஒரு இரவு விருந்துக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்குத் திருப்பலாம்.

விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை எங்களோடு கதைக்கவே மாட்டேன் என்கிறான். வளர்ப்புப் பிழையா?

ஆடி, ஆவணியில் நல்லூர் கொடியேறினால் இந்தக் கேள்வியும் ஏறும். பெடியன் விறாந்தையில் போனோடு இருக்கிறான். அம்மம்மா "சாப்பிட்டியா?" என்கிறா. "ம்" என்கிறான். அவ்வளவுதான் கதை. பிள்ளைக்குத் தமிழ் விளங்குகிறது, சொல்லத்தான் வெட்கம். ஏனென்றால் போன முறை வாய் திறந்தபோது சுற்றி நின்ற ஏழு பேரும் சிரித்தோம். அவனைச் சபையில் வைத்துப் பாட்டுப் பாடச் சொல்லாதீர்கள். ஒழுங்கைப் பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாட விடுங்கள். இரண்டு கிழமையில் "அவுட்டடா" என்று கத்துவான், பிறகு நிற்பாட்டுவதுதான் பாடு.

ஊரில் வளர்ந்திருந்தால் இந்தப் பிரச்சினை ஒன்றும் இல்லைத்தானே?

அப்படிச் சொல்கிறவர்கள் வாள்வெட்டுச் செய்தி வாசிப்பதில்லைப் போலும். யாழ்ப்பாணத்திலும் பிள்ளை எந்த ஒழுங்கையில் வளருகிறது என்பது பெரிய விஷயம்தான். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கோணப்புலம், சபாபதிப்பிள்ளை முகாம்களில் இருபது வருடத்துக்கு மேல் கொட்டிலில் இருந்தன. சொந்தக் காணி சில கிலோமீற்றரில், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு விலாசமே 'முகாம்' என்றிருந்தது, பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்கள்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்தில் குடியேற, அவர்களின் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்தார்கள். போர் முடிந்து யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்குத் திரும்பிய குடும்பங்களில், பெற்றோருக்கு இது ஊர். பிள்ளைக்கு இது புது இடம், சிநேகிதர் எல்லாம் புத்தளத்தில்.

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பி வரும் பிள்ளைகளும் அப்படித்தான். அங்கே 'இலங்கைக்காரன்', இங்கே 'இந்தியாக்காரன்'. பாடத்திட்டம் வேறு, ஆங்கிலமும் வேறு மாதிரி, பிறப்புப் பத்திரத்துக்கும் குடியுரிமைக்கும் அலைச்சல். என் வகுப்பில் ஒரு பிள்ளை "மிஸ், புரியல" என்றபோது வகுப்பே திரும்பிச் சிரித்தது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு அந்தத் தவணை முழுக்கக் கேள்வி கேட்கவில்லை. ஸ்காபரோ பள்ளிக்கூடத்தில் எங்கட பிள்ளைக்கு நடப்பதைப் பற்றிக் கவலைப்படும் நாங்கள், எங்கட வகுப்பில் இதைக் கவனிப்பதில்லை.

எல்லாம் சுற்றாடல்தான் என்றால் தாய் தகப்பன் எதற்கு?

எல்லாம் என்று யாரும் சொல்லவில்லை. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் சராசரிக் கணக்குகள். கூடாத இடத்தில் வளர்ந்து திறமாக வந்த பிள்ளைகள் நிறைய. சுற்றாடல் செய்வது, வீட்டில் உள்ளதைத் தூக்கிவிடுவது அல்லது இழுத்துவிடுவது. ஆனால் ஒரு பிள்ளை வழி மாறினால் இங்கே நாங்கள் முதலில் சொல்வது "தாய் சரியில்லை" என்றுதான். இரவு வேலை செய்யும் தாய், அந்தப் பிள்ளை நின்ற சந்தி, அந்தச் சந்தியில் இளைஞர்களுக்கென்று ஒரு கதவுகூடத் திறந்திருக்காதது எல்லாம் கணக்கில் வருவதில்லை.

சரி, போக முதல் என்னத்தை விசாரிக்க வேண்டும்?

பொன்சர் பண்ணும் அண்ணாவிடம் வீட்டில் எத்தனை அறை என்று கேட்பீர்கள். அதோடு இவற்றையும் கேளுங்கள். அந்த விலாசத்துக்கு எந்தப் பள்ளிக்கூடம்? அங்கே புதிதாக வந்த பிள்ளைக்கு மொழி வகுப்புத் தனியாக உண்டா? பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நீங்கள் வேலையால் வரும் வரைக்கும் பிள்ளை எங்கே இருக்கும்? நடந்து போகிற தூரத்தில் நூலகம், விளையாட்டுத் திடல் இருக்கிறதா? அந்தக் கட்டடத்தில் பல்கலைக்கழகம் போகிற பிள்ளை ஒன்றாவது இருக்கிறதா, இருந்தால் அந்த வீட்டாரோடு கதைபேச்சு உண்டா? இந்தக் கேள்விகளுக்கு அண்ணாவுக்குப் பதில் தெரியாவிட்டால், அவருடைய மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சுற்றாடலில் வளர்ந்தவள் அவள்தான்.